வீட்டுக்குப் போகும் ஒரு வாக்கியம்: சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம் திட்டமிடுவது எப்படி?

பல்லடம் பக்கம் எங்கள் ஊரில் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் பாய் விரித்தால், ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் இருபது பேர் வந்து உட்காருவார்கள். அம்மா பனியன் கம்பெனி, அப்பா தறிக்குடோன், இல்லாவிட்டால் இரண்டு பேருமே தோட்ட வேலை. வீட்டில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. 2021-ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்த பிறகு, இப்படிச் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு உட்காரும் பெண்கள் ஊருக்கு ஊர் கிடைத்தார்கள். அவர்களில் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "தமிழ், கணக்கு சமாளிச்சுக்கறேனுங்க. இங்கிலீசை எங்க ஆரம்பிக்கறதுங்க?" புதிதாகத் தொடங்கும் அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தொடங்கியது தப்பான இடத்தில். முதல் மாதம் முழுக்க 26 எழுத்துகளைப் பாட்டாகப் பாட வைத்தேன், பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக எழுத வைத்தேன். மாதக் கடைசியில், நன்றாகப் படிக்கும் ஒரு இரண்டாம் வகுப்புச் சிறுமியைக் கூப்பிட்டுப் பலகையில் 'கேட்' என்ற பூனையை ஆங்கிலத்தில் எழுதி, "வாசி கண்ணு" என்றேன். "சி, ஏ, டி" என்று கணீரென்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எழுத்தின் பெயர் அவளுக்குத் தெரியும். அந்த எழுத்து எழுப்பும் ஒலியை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. எழுத்துப் பாட்டிலும் நடுவில் வரும் 'எல், எம், என், ஓ' பாதிப் பிள்ளைகளுக்கு 'எலமனோ' என்ற ஒரே எழுத்தாகத்தான் இருந்தது. அந்த மாதத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நீங்கள் அதை இழக்க வேண்டாம்.

முதல் இரண்டு நாள்: பாடமே வேண்டாம், கேளுங்கள்

நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் உள்ளே போகிறோம். அது சரியில்லை. வட்டமாக உட்கார வைத்து, "வீட்டில, அம்மா கம்பெனியில, தோட்டத்தில நாம பேசற இங்கிலீசு வார்த்தை என்னென்ன?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் பஸ், ஸ்கூல், பேக், பென்சில் என்று வரும். கொஞ்சம் விட்டுப்பிடித்தால் வெள்ளமாக வரும். ஷிப்ட், ஓவர்டைம், கட்டிங், செக்கிங், பேக்கிங், அயர்ன், பட்டன், லேபிள், சைஸ், பீஸ். தோட்டத்துப் பிள்ளை என்றால் மோட்டார், பைப், வால்வு, ட்ராக்டர், லோடு. தறிக்குடோன் பிள்ளைக்கு லூம், பீம், கோன், யார்ன். எங்கள் மண்டபத்தில் ஒரு சாயங்காலத்தில் சார்ட் அட்டையின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. நிறத்தில் நம் பிள்ளைகள் இன்னும் கெட்டி. எத்தனையோ புத்தகங்கள் வெறும் 'ப்ளூ' என்று நிறுத்திக்கொள்ளும் இடத்தில் இவர்கள் நேவி ப்ளூ, ராயல் ப்ளூ, மெரூன், பாட்டில் க்ரீன் வரை போவார்கள். அம்மா வீட்டுக்கு வந்து பேசும் பேச்சு அது.

இந்த அட்டையைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்குப் பாடத்துக்கான சொற்கள் அதிலிருந்துதான் வர வேண்டும். அட்டவணைப் படங்களில் வரும் இக்லூ பனிவீடும் யாக் எருமையும் நம் பிள்ளைகளின் கண்ணில் படப்போவதில்லை. வொய்க்கு யார்ன் வைத்துக்கொள்ளுங்கள், எல்லுக்கு லூம், என்னுக்கு நெஸ்ட். கிணற்றோரம் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டைக் கையில் கொடுத்து 'நெஸ்ட்' என்றால் அந்தச் சொல் மறக்காது. ஐக்கு இன்செக்ட், வாசலிலேயே ஊர்கிறது. எக்ஸுக்கு மட்டும் ஒரு திருத்தம்: எக்ஸ்ரேயை விட்டுவிட்டு பாக்ஸ் சொல்லிக் கொடுங்கள். அந்த எழுத்தின் ஒலி சொல்லின் கடைசியில்தான் தெளிவாகக் காதில் விழும்.

பாடத்தைக் கடைசியிலிருந்து எழுதுங்கள்

என் திட்ட நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் முதல் வரியாக ஒரே ஒரு வாக்கியம் இருக்கும். அன்றைக்கு மண்டபத்தை விட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை, வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஆத்தாவிடமோ அப்பாருவிடமோ (அப்பாவின் அப்பா) சொல்லப்போகும் வாக்கியம் அது. 'வண்ணங்கள்' என்று தலைப்பு எழுதினால் பாடம் ஆகாது. 'இட் இஸ் எ ரெட் சாரி' என்று எழுதினால் பாடம் ஆகும். அந்த வாக்கியத்தைச் சொல்ல என்னென்ன சொல் வேண்டும், என்ன ஒலி வேண்டும், எந்த விளையாட்டில் அதைப் பத்துத் தடவை சலிப்பில்லாமல் சொல்ல வைக்கலாம் என்று அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். தேவைப்படாத எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம், அதற்குள் புதுச் சொல் நான்கு அல்லது ஐந்து. அதற்கு மேல் வைத்தால் மறுநாள் ஒன்றும் மிச்சமிருக்காது.

வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வீட்டில் வாய்ப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'திஸ் இஸ் மை அமுச்சி' என்பது நல்ல வாக்கியம். அம்மாவின் அம்மாதான் அமுச்சி; அமுச்சி அமுச்சியாகவே இருக்கட்டும். அப்பாருவையும் அப்புச்சியையும் (அம்மாவின் அப்பா) ஒரே 'கிராண்ட்ஃபாதர்' ஆக்கினால் பிள்ளைக்கு இரண்டு பேரில் யார் என்ற குழப்பம்தான் வரும். அந்தச் சொல்லை மூன்றாம் வகுப்பில் தெரிந்துகொள்ளட்டும், அவசரமில்லை.

'ங்க'வை என்ன செய்வது?

கொங்குப் பிள்ளைகளிடம் அதிகமாகக் கேட்கும் ஒரு சங்கதி இது. "எஸ்ஸுங்க மிஸ்", "நோங்க மிஸ்", "தேங்க்யூங்க" என்றுதான் பேசுவார்கள். சில இடங்களில் இதற்குத் திட்டுகிறார்கள். தயவுசெய்து திட்டாதீர்கள். அந்தப் பிள்ளை மரியாதையை விட மனசில்லாமல் ஆங்கிலத்துக்குள்ளும் கொண்டுவருகிறது. அதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் வழியைக் காட்டுவது நம் வேலை. "நம்ம 'ங்க' இருக்குதுல்ல சாமி, அதுக்கு இங்கிலீசில 'ப்ளீஸ்'னு ஒண்ணு இருக்குது. தண்ணி கொடுங்கன்னா 'வாட்டர், ப்ளீஸ்'" என்று சொன்னேன். ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். போகட்டுங்களா என்பதற்கு 'மே ஐ கோ?' என்பதும் அதே வழியில் வந்துவிட்டது.

இன்னொரு தயக்கமும் உண்டு. 'யூ' என்பது நீயா, நீங்களா என்று ஒரு பையன் கேட்டான். இரண்டுக்கும் அதேதான் என்றதும், "உங்களைப் போயி எப்படிங்க மிஸ் 'யூ'ன்னு சொல்றது?" என்று வாயை மூடிக்கொண்டான். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'தான், மரியாதை குரலிலும் 'ப்ளீஸ்'லும் இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். பெரியவர்களிடம் பேசாமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளில் சிலருக்கு இதுதான் காரணம்.

வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்ற கட்டாயமும் வேண்டாம். தமிழ் பேசினால் அபராதம் போட்ட ஒரு பள்ளியிலிருந்து வந்த பிள்ளை எங்களிடம் இரண்டு வாரம் எந்த மொழியிலும் பேசவில்லை. விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள். பிள்ளை செய்து பார்க்க வேண்டியதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

ஒரு பாடம், 45 நிமிடம்

நிறப் பாடத்தை அப்படியே சொல்கிறேன். முந்தின நாளே ஒரு பை நிறையக் கட்டிங் வேஸ்ட் (வெட்டி மிஞ்சிய பனியன் துணித் துண்டுகள்) வாங்கி வைத்துக்கொள்வேன். எந்தக் கம்பெனியில் கேட்டாலும் ஒரு கை அள்ளிக் கொடுப்பார்கள். அதிலிருந்து நான்கே நிறம்.

முதல் ஐந்து நிமிடம் எழுந்து நின்று 'ஸ்டேண்ட் அப், சிட் டவுன், டர்ன் அரவுண்ட், டச் யுவர் நோஸ்'. நான் சொல்வேன், செய்வேன். அவர்கள் செய்வார்கள். பேச வேண்டிய கட்டாயம் கிடையாது. அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் வளர்த்தெடுத்த முறை இது: காது கேட்டு, உடம்பு செய்து பழகிய பிறகுதான் வாய் திறக்கும். நம் வீட்டுக் குழந்தை 'வா', 'தா' என்பதைப் புரிந்துகொண்டு பல மாதம் கழித்துத்தானே பேசுகிறது. கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இந்த ஐந்து நிமிடம் பெரிய ஆறுதல்.

அடுத்த ஐந்து நிமிடம் நேற்றைய வாக்கியம். வீட்டில் யாரிடம் சொன்னாய், அவர் என்ன சொன்னார் என்று கேட்பேன். சொல்லாதவரைக் கேள்வி கேட்க மாட்டேன்.

அப்புறம் துணி. சிவப்புத் துண்டைத் தூக்கி 'ரெட்' என்பேன், மூன்று தடவை. நீலம், பச்சை, மஞ்சள். 'டச் ரெட்' என்றால் நடுவில் கிடக்கும் சிவப்பைத் தொட வேண்டும். தொடுவது சரியாக வந்த பிறகுதான் கேள்வி: 'வாட் கலர் இஸ் இட்?' இதைக் கும்மித் தாளத்தில் வைப்பேன். எங்கள் பக்கம் பெண் பிள்ளைகள் பாதிப் பேர் வள்ளிக் கும்மி பழகுகிறார்கள், கைத்தட்டு அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது. வாட், கலர், இஸ், இட் என்று நான்கு தட்டு. பதிலுக்கு இட், இஸ், ரெட் என்று மூன்று தட்டு. சுற்றி வந்து தட்டும்போது ஒவ்வொரு பிள்ளையும் இருபது முறை அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கும், படித்ததாகவே நினைக்காது.

கடைசிப் பத்து நிமிடம் நோட்டு. துணியைச் சின்னதாக வெட்டி ஒட்டி, பக்கத்தில் 'ரெட்' என்று ஒரு சொல். கலைவதற்கு முன் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் என் சேலையைக் காட்டுவேன். 'இட் இஸ் எ க்ரீன் சாரி' என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். 'பச்சைச் சேலை' மாதிரியே நிறம் முன்னாலும் பொருள் பின்னாலும் வருவதால் இதற்கு விளக்கமே தேவைப்படாது. தமிழ் நமக்கு உதவி செய்யும் இடம் இது.

தமிழ் தடுக்கும் இடங்கள்

ஒன்று, 'இஸ்'. 'இது பூனை' என்று தமிழில் வினையே இல்லாமல் பேசிவிடுகிறோம். அதனால் 'திஸ் கேட்' என்றுதான் வரும். இன்னொன்று, வினையின் இடம். 'நான் மாம்பழம் சாப்பிடறேன்' என்று பழகிய வாய் 'ஐ மேங்கோ ஈட்' என்கிறது. இலக்கணம் சொல்லாதீர்கள். மூன்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்துங்கள். ஒருத்தி 'ஐ', ஒருத்தி 'மேங்கோ', ஒருத்தன் 'ஈட்'. தமிழில் ஈட் கடைசியில் நிற்பான். "இங்கிலீசுக்குப் போகும்போது ஈட் ஓடி வந்து நடுவில நின்னுக்குவான்" என்று சொல்லி ஓட வையுங்கள். எங்கள் பையன் ஒருத்தன் ஒரு வாரம் முழுக்க எந்த வாக்கியத்தைக் கேட்டாலும் நடுவில் ஓடி வந்து நின்றான். அதன்பின் யாரும் அதைத் தப்பாகச் சொல்லவில்லை.

தப்பு வரும்போது "தப்பு" என்று சொல்ல வேண்டாம். பிள்ளை 'திஸ் கேட்' என்றால், 'ஆமா, திஸ் இஸ் எ கேட்' என்று சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

மூன்றாவது, ஒலி. இங்கே கொஞ்சம் நேரம் செலவு செய்யுங்கள். குண்டூசிக்கும் பின் என்கிறோம், குப்பைத்தொட்டிக்கும் பின் என்கிறோம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, ஏனென்றால் நமக்கு ஒரே ஒரு 'ப'தான். ஆங்கிலத்தில் அவை இரண்டு தனி எழுத்து, இரண்டு தனி ஒலி. இதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் போதும். விரல் அகலத்தில் நீளமாகக் கிழித்து, உதட்டுக்கு முன்னால் தொங்கவிடச் சொல்லுங்கள். குண்டூசிப் பின் சொன்னால் உதடு வெடித்துக் காற்று வந்து காகிதம் பறக்க வேண்டும். குப்பைத்தொட்டிப் பின் சொன்னால் காகிதம் ஆடக்கூடாது. முதலில் யாருக்கும் பறக்காது, நாம் 'ப'வை அத்தனை காற்றோடு சொல்லிப் பழகவில்லை. பத்து நிமிடத்தில் பறக்கும். காகிதம் பறக்கும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். டைகரின் முதலெழுத்துக்கும் டாக்கின் முதலெழுத்துக்கும் இதே காகிதம்தான். 'ஸ்' ஒலிக்கும், மிருகக்காட்சிசாலையைச் சொல்லும் 'ஜூ'வில் வரும் வண்டு ஒலிக்கும் தொண்டையில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் தொண்டை அதிராது, மற்றதில் அதிரும்.

சொல்லின் கடைசியில் ஒரு 'உ' சேர்ப்பதும் நம் பழக்கம்: பஸ்ஸு, பேக்கு, கேட்டு. முன்னால் 'இ' சேர்த்து இஸ்கூல் என்பதும் அப்படியே. இதற்காகப் பிள்ளைகளை அலட்டிக்கொள்ள விடாதீர்கள். நீங்கள் சரியாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் தானாகத் தேய்ந்துவிடும்.

எங்கள் மண்டபத்துக்கு அடுத்தே தறிக்குடோன். சத்தத்தில் இந்த நுண்ணிய வித்தியாசமெல்லாம் காதில் விழாது. அதற்குக் காலிக் கோன் வைத்திருக்கிறோம். நூல் தீர்ந்த அட்டைக் கூம்பின் சின்ன முனையைக் காதோரம் வைத்துக்கொண்டால், அகன்ற முனையில் பக்கத்துப் பிள்ளை சொல்வது தெளிவாகக் கேட்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் ஊரே அமைதியாகிவிடும். அன்றைக்குக் கேட்கும் பாடம் மட்டும்தான் என்று நோட்டில் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன்.

வாசிப்பு

எழுத்தை வரிசைப்படி ஏ முதல் இசட் வரை சொல்லிக் கொடுக்க வேண்டாம். எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறோடு தொடங்குங்கள். இங்கே டி என்பது டைகரின் டி, பி என்பது பென்னின் பி. தமிழில் எழுதும்போது இப்படி விளக்கம் போட வேண்டியிருக்கிறது பாருங்கள், நம் பிள்ளைகளின் சிரமமும் அதேதான். இந்த ஆறு ஒலி தெரிந்தாலே சிட், பின், டின், பேன், ஆன்ட் என்று பல சொற்களை வாசித்துவிடலாம். முதல் மாதத்திலேயே 'நான் வாசிக்கிறேன்' என்ற தெம்பு வந்துவிடும். அடுத்து எம், டாக்கின் டி, ஜி, ஓ, சி, கே.

ஒலிகளைச் சேர்த்து வாசிப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. க் என்ற மெய்யும் இ என்ற உயிரும் சேர்ந்தால் கி என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அதையே சொல்லுங்கள்: "ப், இ, ன். சேர்த்தா?" ஆங்கில மெய்யெழுத்துகளை 'ப', 'ச', 'ட' என்று அகரம் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால்தான் சிக்கல் வரும். ப, இ, ன என்று சொன்னால் எத்தனை தடவை சேர்த்தாலும் பின் வராது. புள்ளி வைத்த எழுத்தாகவே சொல்லுங்கள்.

இப்படி ஒலி கூட்டி வாசிக்க முடியாத சொற்களும் நிறைய உண்டு: தி, வாஸ், செட் ('சொன்னாள்' என்ற பொருளில் வருவது), யூ. எட்வர்ட் டோல்ச் என்ற அமெரிக்கர் 1936-ல், சிறுவர் நூல்களில் திரும்பத் திரும்ப வரும் 220 சொற்களைப் பட்டியலிட்டார். அதில் பெயர்ச்சொல்லே கிடையாது, இப்படிப்பட்ட சொற்கள் பல உண்டு. அந்தப் பட்டியலிலிருந்து வாரத்துக்கு இரண்டு எடுத்து, அட்டையில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

எழுதுவதற்கு நாலு கோடு நோட்டு. சின்ன எழுத்து முதலில், ஏனென்றால் புத்தகத்தில் பெரும்பாலும் வருவது அதுதான். பந்தைச் சொல்லும் 'பால்' என்பதன் பியும் டாக்கின் டியும் இடம் மாறினால் பயப்பட வேண்டாம், இந்த வயதில் பலருக்கும் மாறும். இரண்டு கையையும் முஷ்டி பிடித்துக் கட்டை விரலைத் தூக்கி நேருக்கு நேர் வைத்தால் கட்டில் மாதிரி ஒரு உருவம் கிடைக்கும். இடது கை பி, வலது கை டி. அந்தக் கட்டிலின் பெயர்தான் 'பெட்'. எழுத்துகளைச் சேர்த்து எழுதும் கூட்டெழுத்து (கர்சிவ்) இப்போது வேண்டவே வேண்டாம்.

ஒரே பாயில் மூன்று நிலை

அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். பிள்ளைகளுக்கே தெரிந்த பெயர்கள் என்பதால் நானும் அதையே வைத்துக்கொண்டேன். வாக்கியம் எல்லோருக்கும் ஒன்றுதான், செய்யும் வேலைதான் வேறு. அரும்பு, கேட்டுத் தொடும். மொட்டு, சொல்லும். மலர், சொல்லி எழுதும். ஒன்றாம் வகுப்பா மூன்றாம் வகுப்பா என்று பார்க்காதீர்கள்.

திருப்பூரைச் சுற்றி இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் உங்கள் பாயிலும் உட்கார்ந்திருப்பார்கள். தமிழில் நீங்கள் தரும் விளக்கம் அவர்களுக்குப் போய்ச் சேராது. அதனால் அந்த வகுப்பில் படத்தையும் பொருளையும் செய்கையையும் கூட்டுங்கள். ஆங்கிலப் பாடத்தில் மட்டும்தான் அந்தப் பிள்ளையும் மற்றவர்களும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். எங்கள் மண்டபத்தில் அந்த நேரத்தில்தான் ஒரு ஒடியாச் சிறுமி முதல்முதலாகக் கையைத் தூக்கினாள்.

வாரக் கணக்கு

திங்கள் முதல் வியாழன் வரை நான்கு புது வாக்கியம். வெள்ளிக்கிழமை புதுசு ஒன்றும் கிடையாது, அந்த நான்கையும் விளையாட்டாகத் திரும்பப் பார்ப்பது. நோட்டின் பின்பக்கம் பிள்ளைக்கு ஒரு வரி: எந்த வாக்கியத்தைத் தானாகச் சொன்னது, எந்த ஒலியில் தடுக்குகிறது. மதிப்பெண் போட வேண்டாம். பாதிப் பேருக்கு மேல் ஒரு வாக்கியம் வரவில்லை என்றால், அடுத்த வாரம் அதையே வேறு விளையாட்டில் வையுங்கள்.

மாரியம்மன் நோம்பி (திருவிழா) வந்தால் ஒரு வாரம் மண்டபம் காலியாக இருக்கும். பாதிப் பேர் ஒறம்பரை (சொந்தக்காரர்) வீட்டில் இருப்பார்கள். அதைப் பற்றி வருத்தப்படாதீர்கள். நோம்பி முடிந்து வரும் முதல் நாளுக்குப் பழைய பாடத்தைத் தூக்கி வைத்துவிட்டு, நோட்டில் ஒரே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: 'ஐ வென்ட் டு மை அமுச்சிஸ் ஹவுஸ்.' போன வருசம் அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் பேசினார்கள். எங்கே போனார்கள், என்ன தின்றார்கள், ராட்டினத்தில் எத்தனை சுற்று என்று. பாதி தமிழ், பாதி ஆங்கிலம். 45 நிமிடப் பாடம் ஏழு மணி வரை போய்விட்டது.